வயது கூடிப்போனவன்

1918-இல் உலகமெங்கும் பரவிய அந்த விஷக்காய்ச்சல் மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியாரும் இறந்துபோனார். அடுத்து வரும் தையில் என்னை ஈப்போ ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தவர் அவர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களுக்கு வாத்தியாரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

காய்ச்சல் ஓய்ந்த இரண்டாம் வருடம் ஈப்போவில் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டார்கள். இனி நம் பிள்ளைகள் காலேஜுக்குப் போய் டாக்டராக வேண்டும் என்று பேசினார்களாம். அதைக் கேட்டுவிட்டு அப்பா எங்கள் இருவரையும் ஆங்கிலப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் சொன்னதை அங்கே குமாஸ்தாவாக இருந்த தமிழ்க் கிராணி எடுத்துச் சொன்னார்.

"சின்னவன எடுத்துக்கலாமாம். பெரியவனுக்கு வயசு கூடிப்போச்சாம்."

"ரெண்டு வருசமா பள்ளிக்கூடமே இல்லீங்கய்யா. காய்ச்சல்ல வாத்தியாரு போயிட்டாரு."

"காய்ச்சல் எல்லாருக்குந்தான் வந்துச்சு. அதுக்காக வயசு நின்னுக்கிட்டா இருக்கும்?"

அப்பா தம்பியை மட்டும் பள்ளியில் சேர்த்தார். தம்பியை ஈப்போவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் விடியும் முன்பே அப்பாவோடு பால் மரம் வெட்ட, பட்டை சீவிப் பால் இறக்கப் போனேன். எட்டு வருடம் வெட்டினேன். தம்பியின் படிப்புக்கு என் கூலியும் போனது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

கடைசியில் அவனுக்குச் சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. வழியனுப்ப ஈப்போ ஸ்டேஷனுக்குப் போனேன். அவனோடு படித்த நாலைந்து பேர் வந்திருந்தார்கள். என் கையிலிருந்த பால் கறையைப் பார்த்த ஒருவன் தம்பியிடம் கேட்டான்.

"ஒங்க அண்ணே படிக்கலையா?"

"அண்ணனுக்குப் படிப்பு ஏறல லா. அவருக்குத் தோட்டந்தான் புடிச்சிருக்கு."

அவன் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தான். அந்தக் கிராணி முன்னால் என் பக்கத்திலேயே நின்றவன் அவன். அவன் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன்.

"போய்ட்டு வாரேண்ணே" என்றான். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும், தம்பி என்ன சொன்னான் என்று அப்பா கேட்டார். வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.