சதுப்பில் கான் வெட்டிய மச்சான்

போன வாரம் ஹாலிஎல பக்கம், தங்கச்சி இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். உட்காரும் முன்பே வழக்கு வந்துவிட்டது.

"உங்க மச்சான் செஞ்ச வேலையக் கேளுங்கண்ணே" என்றாள் தங்கச்சி ராணி. ஆட்டோ ஓட்டும் மச்சான் செல்வம், டீ கிளாஸை விட்டுத் தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு சதுப்பு. நாணலும் தவளையும் தும்பியுமாகக் கிடக்கும். தண்ணீர் அதில் நகர்வதே தெரியாது. அங்கிருந்து ஊறி வருவதுதான் கீழே குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விழும். விரல் தடிப்பத்துக்குத்தான் விழும். குடத்தோடு கியூவில் நின்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால், ராணிக்கு அரைநாள் சம்பளம் போச்சு.

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. ஆட்களைச் சேர்த்து சிரமதானம் வைத்தார். நாணலைச் செதுக்கி, சதுப்பின் நடுவே, தண்ணீர் வேகமாக ஓடிவர நேராக ஒரு வாய்க்கால், கான் வெட்டினார்கள். பீலியில் கொட்டோ கொட்டென்று தண்ணீர்! ஃபேஸ்புக்கில் போட்டோ. மச்சான்தான் லயத்துக்கே ஹீரோ.

அப்புறம்...? மழை விட்டது. எந்த வெயிலிலும் நிற்காத பீலி நின்றுவிட்டது. மிச்ச நாணலும் காய்ந்தது, தவளை கத்தவில்லை, கொக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டது. ராணி குடத்தோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி ஏறினாள்.

பெய்த மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது அந்தச் சேறும் வேரும்தானே? மெதுவாக வந்ததால்தான் தவளைக்கும் கிடைத்தது, நமக்கும் கிடைத்தது. நாம் அவசரப்படுத்தினோம், மொத்தமாகப் போய்விட்டது.

எனக்கு மச்சான் மேல் கோபமே வரவில்லை. பாவம், பெண்டாட்டி படும் பாட்டைப் பார்த்துச் செய்த வேலை அது.

"மண்ணு மூட்ட போட்டுக் கான அடைச்சிட்டேன் மச்சான். மழையும் பெஞ்சிருக்கு. வாங்க, காட்டுறேன்" என்றார் செல்வம்.

மூவரும் போனோம். கானில் தண்ணீர் தேங்கி நின்றது. ஓரத்தில் நாணல் துளிர்த்திருந்தது. கீழே பீலியில் நூல் மாதிரி தண்ணீர். ராணி குடத்தை வைத்தாள்.

"நெறைய நேரமாகுமே?" என்றேன்.

"ஆகட்டும்ணே. வருதுல்ல" என்றவள், பீலியைச் சரிசெய்யக் கை நீட்டிய மச்சானைப் பார்த்தாள். "நீங்க சும்மா நில்லுங்க. அது போதும்."

கல்யாணம் ஆனதிலிருந்து, ராணி சொன்னதை மச்சான் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.