கோயில் வளவுக்குள் வந்த பாடை

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து கீழ்வேளூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தபோது, ஊழியம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு மாலைகளில் வேதக் கதைப் படச்சுருளோடு ஊர் ஊராகப் போவேன். ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள், முடிந்ததும் இருமலுக்கு மருந்து கேட்பார்கள். சுவாமியைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு வரும் எரிச்சலுக்குப் படச்சுருளை வாய்க்காலில் வீசிவிடலாமா என்றிருக்கும்.

மெட்ராஸில் கழக ஆட்சி வந்திருந்தது. வயலில் என்னவோ பழைய பகைதான். அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு முற்றிவிட்டது. விசா விஷயமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர், "ஊசி போடுங்க, மருந்து குடுங்க. நிலத்து விவகாரத்துல மட்டும் தலையிடாதீங்கம்மா" என்றார். தலையிட்டால் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது சொல்லாமலே விளங்கியது.

அப்போதுதான் பாம்பு கடித்துக் கொண்டுவந்த ஒரு வாலிபன் எங்கள் கையில் இறந்துபோனான். கூலி வேலை செய்யும் ஒரு விதவையின் ஒரே மகன். சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு வரப்பு வழியாகத்தான் போவார்கள். தகராறில் மிராசுதார் அதை முள்வேலி போட்டு அடைத்திருந்தார். கடைத்தெரு வழியாக அவர்களை விடமாட்டார்கள். மிச்சமிருந்தது எங்கள் மிஷன் கோயில் வளவு, இங்கே சர்ச் காம்பவுண்டு என்பார்கள். முன் கேட்டில் நுழைந்து பின் கேட்டில் இறங்கினால் வாய்க்கால் கரை, அப்படியே சுடுகாடு. பாடையோடு வந்து கேட்டில் நின்றார்கள். சாவி என்னிடம் இருந்தது. இன்ஸ்பெக்டரை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. திறந்துவிட்டேன்.

மணியடிக்கிற பெரியவர் ஓடிப்போய்க் கோயில் கதவைச் சாத்தப் பார்த்தார். தெருவில் பிணம் போனால் சாமி கோயிலில் நடை சாத்துவது ஊர் வழக்கம். பரம்பரைக் கிறிஸ்தவர், அவருக்கும் கை தானாக அங்கேதான் போயிற்று. "சாத்தாதைங்கோ, திறந்தே கிடக்கட்டும்!" என்று கத்தினேன்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பின் கேட்டோடு நின்றுவிட்டார்கள். தாய் மட்டும் திரும்பி அந்தத் திறந்த கதவையே பார்த்தாள். காலையிலிருந்து அவள் அழவேயில்லை.

"உங்க சாமிக்குத் தீட்டு இல்லீங்களா, நர்சம்மா?"

"எங்கட சுவாமி பாடையைத் தொட்டவர், அம்மா. அதுவும் உங்களைப்போல ஒரு தாயின்ர ஒரே பிள்ளையின்ர பாடை."

"தொட்டு? அப்பறம் என்னங்க ஆச்சு?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். சுவாமி தொட்டதும் செத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தான் என்பது வேதத்தில் உள்ள பதில். வாய்க்கால் கரையில் பறைச் சத்தம் தூரமாகிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முதல்ல அந்தத் தாயைப் பார்த்து, அழாதை எண்டு சொன்னவர்" என்றேன்.

"எனக்கு அழுகையே வரலீங்களேம்மா" என்றாள். சொன்ன மாத்திரத்தில் உடைந்துபோய், கோயில் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மீதிக் கதையை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.