பி.டி.ஓ. துரையைத் தேடிய வாரம்

ஜெல்லித் தட்டில் ஒற்றி நகல் எடுத்த ஊதா மைக்கு ஒரு வாசனை உண்டு. இனிப்பு மருந்து மாதிரி ஆரம்பித்து மண்ணெண்ணெய் மாதிரி முடியும். டிசம்பர் மாதக் குளிரில், பள்ளிக்கூடம் விட்டு அல்சூர் ஏரிக்கரை வழியாக நான் வீட்டுக்கு நடந்து வந்த ஒரு திங்கட்கிழமை மாலையில், அந்த வாசனை என் இடது தோளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஏனென்றால் வருஷக் கடைசியில் பெற்றோருக்கு அனுப்பும் “நோட்டீஸ்” தாளை நாங்கள் கப்பல் செய்து ஏரியில் விட்டுவிடுவோம் என்று பயந்து, ரோஸ் டீச்சர் அதை ஒவ்வொரு பெண்ணின் சட்டைத் தோளிலும் ஊக்கால் குத்தி அனுப்புவார். குத்தும்போது “அசையாதே” என்பார். நான் அசைவேன். அதனால் வருஷா வருஷம் எனக்கு மட்டும் ஒரு சொட்டு ரத்தம் வந்துவிடும்.

முப்பதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்ததால் எங்கள் பக்கத்தைக் கன்னடக்காரர்கள் “தண்டு” என்பார்கள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்ற தமிழர்கள் தண்டு முழுக்க நிரம்பியிருந்தோம். அப்பாவுக்குப் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் வேலை. தமிழ் அவருக்கு நன்றாகவே எழுதப் படிக்க வரும். இங்கிலீஷை மட்டும் அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, பெட்டிகளில் படித்தார். கிடங்குக்கு வரும் மரப்பெட்டிகளின் மேல் இந்தப் பக்கம் மேலே, உடையும் ஜாக்கிரதை, திருப்பி அனுப்பு என்றெல்லாம் அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டி, ஹெட் கிளார்க்கிடம் அர்த்தம் கேட்டு, இருபது வருஷத்தில் ஒரு பாஷையையே சேர்த்து வைத்திருந்தார். எங்கள் சந்தில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அது நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அதைப் படிப்பார்.

அன்றும் சட்டையைப் போட்டுக்கொண்டு என் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். “ஸ்கூல் வில் ப்ரேக் அப்” என்று இருந்தது, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. வருஷ லீவு விடுவதைத் துரைமார் பாஷையில் அப்படிச் சொல்வார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அப்பாவின் பெட்டி இங்கிலீஷில் அதற்கு உடைத்துப் போடுவது என்ற ஒரே அர்த்தம்தான். கிடங்கில் இற்றுப்போன கட்டிலிலோ அச்சு முறிந்த வண்டியிலோ அந்த வார்த்தை எழுதிய சீட்டை ஒட்டினால், மறுநாள் கோடாலியோடு ஆள் வந்து அதை விறகாக்கிவிட்டுப் போவான்.

அடுத்த வரிகளும் அவரைக் கைவிடவில்லை. பெற்றோர் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்குள் அப்புறப்படுத்த வேண்டும். சிலேட்டு, தையல் வேலை முதலிய உடைமைகள் எதையும் விட்டுவைக்கக் கூடாது, விட்டுவைத்தால் கழித்துக்கட்டப்படும். அதற்குக் கீழே, வலது மூலையில், மூன்றே எழுத்துகள்: பி.டி.ஓ.

“பள்ளிக்கூடத்த இடிக்கப் போறாங்க,” என்றார் அப்பா. “பி.டி.ஓ. உத்தரவு போட்டுட்டான்.”

சிரிக்காதீர்கள். தண்டில் எங்களை ஆண்டவை எழுத்துகள்தாம். சி.ஓ., ஏ.இ., டி.சி. என்று மேலதிகாரிகள் எல்லாரும் இரண்டு மூன்று எழுத்துகளாகத்தான் எங்களுக்குத் தெரிவார்கள். துரைகளின் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் வாயில் நுழையாது. வண்டியை உடை, ஆளை மாற்று, மரத்தை வெட்டு என்று எந்த உத்தரவு வந்தாலும் அடியில் வலது மூலையில் அந்த எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். ஆகவே பி.டி.ஓ. என்று ஒரு துரை இருப்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே எழவில்லை. “புதுசா வந்தவன் போலகீது. வந்த வேகத்துல ஆடறான்,” என்று அவனுடைய குணத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வரவில்லை. “நல்லதாப் போச்சு. மூணாவது வரிக்கும் படிச்சிட்டா, பொட்டப் புள்ளைக்கு இன்னும் இன்னா? லிங்கராஜபுரத்துல எந்தங்கச்சி பச்சப் புள்ளைய வச்சிகினு ஒண்டியா அல்லாடறா. சரசு போயி புள்ளைய தூக்கட்டும்,” என்றாள்.

“புள்ள தூக்கறதுக்கா இவள பெத்தோம்? நாந்தான் பொட்டிய பாத்து படிச்சேன். இவளாவது பொஸ்தகத்த பாத்து படிக்கட்டும்.”

“படிக்கட்டுமே. எங்க வச்சி படிப்பா? இடிச்ச செங்கல்லு மேலயா?”

நடந்து போகிற தூரத்தில் பெண்பிள்ளைகளைத் தமிழில் படிக்கவைக்க எங்களுக்கிருந்தது வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஒருவர் நடத்திய அந்த “மிஸ்ஸியம்மா பள்ளிக்கூடம்” ஒன்றுதான். அது போனால் நானும் போனேன். எனக்கு அழுகை வரவில்லை, குழப்பம்தான் வந்தது. முதலில் எந்தச் சுவரை இடிப்பார்கள்? மூன்றாம் வகுப்புச் சுவரில் நான் கரியால் என் பெயரைக் கிறுக்கியிருந்தேனே, உத்தரவு வந்தது அதனால்தானா? அன்று ராத்திரி முழுக்க எனக்கு இதே யோசனை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனால் எல்லாம் அப்பா சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த படங்களை ஆயா கழற்றினாள். பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தையல் அறை அலமாரி காலியாகிவிட்டது. ஆனால் ரோஸ் டீச்சர் பாட்டுக்கு எங்களைப் பாட்டுப் பாடவைத்துக்கொண்டிருந்தார், மற்ற பெண்களோ லீவு கிடைத்த மாதிரி குதித்தார்கள். இடியப் போகிற கட்டடத்தில் நின்றுகொண்டு இவர்களால் எப்படிப் பாட முடிகிறது, இவர்கள் எல்லாருக்கும் நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்கு அப்படி ஒரு கோபம். நான் வாயைத் திறக்கவில்லை. “தொண்டை கட்டியிருக்கா?” என்று டீச்சர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

புதன்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு, தமிழில் அழகாக ஒரு மனு எழுதிக்கொண்டு, பி.டி.ஓ. துரையைத் தேடிப் புறப்பட்டார். இரண்டு அலுவலகங்களில் அப்படி யாரும் இல்லை என்று விரட்டிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில், வாசலில் டவாலி போட்டு நின்ற கன்னடக்காரப் பியூன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினான். துரைமார் அத்தனை பேரையும் தனக்குத் தெரியும் என்று பேர் வாங்கின ஆள், தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? “பி.டி.ஓ. சாஹேபரா? கேம்ப் ஹோகிதாரெ. சோமவார பன்னி,” என்று சொல்லிவிட்டான். துரை வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்று அர்த்தம்.

அடடா, அந்த ஒரு வார்த்தையில் பி.டி.ஓ. துரைக்கு உயிரே வந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “ஆளு கேம்புல கீறான். திங்கக்கெழமதான் வருவான். வெள்ளிக்கெழமையே இடிச்சிடுவாங்க. தெரிஞ்சேதான் போயிருக்கான்,” என்றார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று சந்தே பேசிக்கொண்டது. எதிர் வீட்டுக்காரர் மட்டும், பி.டி.ஓ. நல்லவர், அவருக்குக் கீழே இருப்பவன்தான் மோசம் என்று வாதாடினார். அம்மா வியாழக்கிழமை காலையிலேயே என் இரண்டு பாவாடைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள், லிங்கராஜபுரத்துக்குக் கட்டிக் கொடுப்பதற்காக. ஈரப் பாவாடையைக் கொடியில் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீங்கிய முகத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை மணி இருக்கும், ரோஸ் டீச்சர் பக்கத்தில் வந்து, “என்னம்மா, ஒரு வாரமாக் கேக்கறேன், என்னதான் ஆச்சு உனக்கு?” என்றார்.

“இனிமே நீங்க எங்க டீச்சர் போவீங்க?”

“நானா? திருச்சிக்குப் போறேன், எங்க வீட்டுக்கு.”

போச்சு, இவரும் போகிறார். நான் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். “அப்பா மனு எழுதினு போனாரு டீச்சர். பி.டி.ஓ. தொர கேம்புக்குப் போயிட்டாராம். இல்லாங்காட்டி நிறுத்தியிருப்பாரு.”

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எந்தத் துரை என்றார். பையிலிருந்த நோட்டீசை எடுத்துக் காட்டினேன். அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்துவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். “ப்ளீஸ் டர்ன் ஓவர், தாளைத் திருப்பிப் பாருங்கன்னு அர்த்தம்டி அதுக்கு,” என்று சொல்லிக்கொண்டே திருப்பியவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பின்பக்கமும் ஊதா எழுத்து இருந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும் நாள், கிறிஸ்துமஸ் பாயசத்துக்கு ஆளுக்கொரு தம்ளர் கொண்டுவர வேண்டும் என்ற குறிப்பு, மிஸ்ஸியம்மாவின் கையெழுத்து, எல்லாம் அங்கேதான் இருந்தன. நடுவில் கோடு போட்டு இன்னொன்றும் இருந்தது. நாலாம் வகுப்பு அறை சின்னது, எல்லாருக்கும் இடமில்லை; பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே இடம்; வெள்ளி பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் மூடப்படும். “உங்கப்பா வரவே இல்லியே, உன்னை நிறுத்தறாங்கன்னுல்ல நினைச்சேன்,” என்றார் டீச்சர்.

பள்ளி இடிபடாது, ஆனால் நான் அதில் இல்லை. எட்டு வயதில் இதை எப்படி விளங்கிக்கொள்வது? சந்தோஷப்பட வேண்டுமா, மறுபடி அழ வேண்டுமா என்று தெரியாமல் நின்றபோது வாசலில் அப்பா தெரிந்தார். வேறு எதற்கும் அவர் வந்திருக்க மாட்டார். பன்னிரண்டு மணிக்குள் பிள்ளையை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறதே, அதனால் வந்தார். என் சாமான்களை அள்ளிக்கொண்டு போகத் தோளில் ஒரு கோணிப்பை.

டீச்சர் ஓடிப்போய்த் தாளை அவர் கையில் கொடுத்து, திருப்பி, விரலால் காட்டினார். அப்பா படித்தார். முன்பக்கத்தை ஒருமுறை பார்த்தார், மறுபடி பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸியம்மாவின் அறைக்கு நடந்தார்.

அங்கே ஏழெட்டுப் பெற்றோர் நின்றிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் சந்து. அப்பாவிடம் காகிதம் கொண்டுவருகிறவர்கள், அவர்களும் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த இடத்தில் விஷயம் தெரிந்து நின்றிருந்தார்கள். மிஸ்ஸியம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் ஏதோ கேட்டார். “நாலு நாளா ஏன் வரலைன்னு கேக்கறாங்க. நோட்டீசை உங்களுக்கு யார் படிச்சுச் சொன்னாங்கன்னும் கேக்கறாங்க,” என்றார் டீச்சர்.

யாரோ ஒருத்தர் என்று சொல்லியிருக்கலாம். சந்துமுனைக் கடைக்காரர், ஹெட் கிளார்க், யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அப்பா கோணிப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, டீச்சரை விட்டு நேராக மிஸ்ஸியம்மாவிடமே தன் பெட்டி இங்கிலீஷில் சொன்னார்: “ஐ ரீட், மேடம். ஒன் சைடு ஒன்லி.”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் சந்துக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அப்பாவின் கையை உதறிவிட்டு நகர்ந்து, ரோஸ் டீச்சரின் புடவையோரமாகப் போய் நின்றுகொண்டேன், அவரோடு வந்தவள் இல்லை என்பது போல. மிஸ்ஸியம்மா சிரிக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து, பட்டியலின் கடைசி வரியில் என் பெயரை எழுதி, தாளை அப்பா பக்கம் திருப்பிவைத்தார். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. “வேற யாரோ படிச்சாங்கன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா, அந்தாள கூட்டியான்னு இருப்பாங்க கண்ணு. பன்னெண்டு அடிக்க பத்து நிமிசங்கூட இல்ல,” என்றார் அப்பா.

அந்த நாலாம் வகுப்புதான் என்னை மேலே மேலே கொண்டுபோய், கடைசியில் ஆசிரியையாக உட்காரவைத்தது. முப்பது வருஷம் நானும் வருஷக் கடைசி நோட்டீஸ் அனுப்பினேன். ஒவ்வொன்றையும் பள்ளி வாசலில் நின்று தமிழிலும் கன்னடத்திலும் வாய்விட்டுப் படித்துச் சொன்ன பிறகுதான் கொடுப்பேன், சக ஆசிரியைகள் கேலி செய்தாலும் சரி. ஜெல்லித் தட்டு போய்விட்டது, தோளில் ஊக்குக் குத்துவது போய்விட்டது, “தண்டு” என்ற பெயரைச் சொன்னால் விளங்கிக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். அப்பா போய் இருபத்தைந்து வருஷமாகிறது.

பி.டி.ஓ. துரையின் கதையை நான் கல்யாண வீடுகளிலும் பள்ளி விழாக்களிலும் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அப்பாவே பக்கத்திலிருந்து, “பியூன விட்டுட்டியே,” என்று எடுத்துக்கொடுப்பார், சொல்லச் சொல்லச் சிரிப்பார். “ஒன் சைடு ஒன்லி” வந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள், நான் அத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் நான் கையை உதறியதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்பாவும் அதை எடுத்துக்கொடுத்ததில்லை. அவர் மறந்துவிட்டாரா, கவனிக்கவே இல்லையா, அல்லது என்னைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.