பெயர் எழுதாத உறை

எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. மேலே பெயர் இல்லை. தூசி தட்டும்போதெல்லாம் கைபடும், திறப்பதில்லை. உள்ளே இருக்கும் போட்டோ எனக்கு மனப்பாடம்.

தந்தவர் எங்கள் கடற்கரைக்குப் பொறுப்பாக இருந்த பெண் தலைமைக் காவலர். ஊருக்கே அவர் ஏட்டம்மா. அப்போது வலைக்கூடத்துக்குப் பின்னால் கஞ்சா விற்றார்கள். எங்கிருந்தெல்லாமோ பைக்கில் ஆட்கள் வருவார்கள். ஜீப் வந்தால் கூடம் காலியாகும், ஜீப் திரும்பினால் நிறையும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். விற்கிறவன் ஒருத்தருக்குக் கொழுந்தன், இன்னொருத்தர் ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானப்பிள்ளை. "ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. அதைத் திறக்கதுதான் மக்கா பெரிய பாடு" என்பார் ஏட்டம்மா.

அவர் ஜீப்பை விட்டுவிட்டு பஸ்ஸில் வரத் தொடங்கினார். பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் பாயின் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். வேறு சபைக்காரர், ஜெபமாலை சொல்லத் தெரியாது. "நான் உங்க மாதாவுக்கு விருந்தாளியாக்கும்" என்று சிரிப்பார்.

எங்கள் வீட்டு முறை வந்த அன்று ஜெபம் முடிந்ததும் நான்தான் பொங்கினேன். "விக்கிறவனுக்க அம்மையும் அக்காளும் என்னத்தப் பாத்துட்டு இருக்காளுவ? நாலு சாத்து சாத்தி ஸ்டேஷன்ல கொண்டு விடாண்டாமா?" எல்லாரும் தலையாட்டினார்கள். ஏட்டம்மா ஆட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் அடுக்களைக்கு வந்து, நான் கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, உறையை என் கையில் வைத்தார்.

போட்டோவில் பொட்டலம் நீட்டும் ஒரு கை. மணிக்கட்டில் வேளாங்கண்ணியில் நான் வாங்கிக் கட்டிய கயிறு. முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. என் தம்பி.

"உன் வீட்டையும் சேத்து மூணு வீட்டுக்கு இது மாதிரி கொடுத்திருக்கேன். இதுக்க இன்னொரு காப்பி ஸ்டேஷன்ல இருக்கு. இனி ஒரு பொட்டலம் வித்தா வழக்கு எழுதுவேன். நிறுத்துனான்னா ஐஸ் கம்பெனியில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். சரக்கு கொண்டாறவனை நான் பிடிக்கேன் மக்கா, தம்பியை நீ பிடி."

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்தேன். "யாரு எடுத்தது, அக்கா?" என்றான். "ஏலே, எடுத்தவளை விடு. அதுல நிக்கவன் யாருன்னு பாரு." பார்த்தான். சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பெண்கள் கிழிந்த வலை பொத்தும் வேலையைக் கூடத்துக்குப் பின்னாலேயே கொண்டுபோனோம். பைக்கில் வருகிறவனிடம், "யாரு மக்கா, எந்த வீட்டுக்கு?" என்று பிரியமாகத்தான் கேட்போம். "பேரு கேட்டாலே பாதிக் கள்ளன் ஓடிருவான்" என்பதும் ஏட்டம்மா சொன்னதுதான். ஓடினார்கள். சரக்கு கொண்டுவந்தவனும் மாட்டினான். மூன்று பேரில் ஒருவன் மட்டும் கேட்கவில்லை. சொன்னபடி ஏட்டம்மா வழக்கு எழுதினார். அவனுடைய தாய் இன்றும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தம்பி இப்போது ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறான். போன மாதம் அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஓய்வுபெற்ற ஏட்டம்மாவும் பஸ்ஸில்தான் வந்தார். அவனே உறையை எடுத்துவந்து, "கிழிச்சிரட்டா அம்மா?" என்றான். "அக்காளைக் கேளு" என்றார். நான் வேறொன்று கேட்டேன்: அன்றைக்கு ஏன் பெயர் எழுதவில்லை?

"பஸ்ஸுல வாறவ. பையில இருந்து தவறி விழுந்துச்சுன்னா?"

தம்பி உறையை என்னிடமே நீட்டினான். அதே கை, அதே கயிறு. வாங்கி மாதாவுக்குப் பின்னால் வைத்தேன்.