அண்ணா மாற்றிய கிரிஸ்டல்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா நவி மும்பை நெருளில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தான். கையில் ஒரு துணிக்கடைப் பை. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசனை வந்துவிட்டது. சால்டரிங் செய்யும்போது கிளம்புமே, ரோசின் புகை, அதே வாசனை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஐம்பதை நெருங்குகிற மனுஷன், மூக்கு நுனியில் கண்ணாடி, இன்னமும் எதையாவது பிரித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு தடவை என் மிக்ஸியை "இதுக்கு இன்னும் தம் இருக்குடி" என்று பிரித்துப் போட்டான். அன்றைக்கு அடைக்கு அரைக்க நான் பக்கத்து ஃபிளாட்டுக்குப் பாத்திரத்தோடு போனேன்.

பைக்குள் எங்கள் பழைய டிவி கேம் இருந்தது. நாங்கள் வளர்ந்த மாட்டுங்கா பில்டிங்கை இடித்துக் கட்டப் போகிறார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பூட்டியே கிடந்த வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம்.

அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். வெளிநாட்டு மெஷினைப் பார்த்து யாரோ செய்த நகல். மஞ்சள் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே அதே ஏழெட்டுதான் வேறு வேறு பெயரில் வரும். எனக்கு அதில் ஒன்றுதான் உயிர். ஒரு குட்டி மனுஷன் ஓடி ஓடிக் குழி தாண்டுவான், அவ்வளவுதான் கதை. நான் நன்றாக ஆடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அண்ணாவுக்கு ஆட்டத்தில் அக்கறையே கிடையாது. அவன் வருத்தம் வேறு. திரையில் நாலைந்து எதிரிகள் சேர்ந்து வந்தால் மெஷின் திணறும், குட்டி மனுஷன் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பவனைப் போல ஆகிவிடுவான். நான் அந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வேன். அண்ணாவோ அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டான். "இதால இன்னும் வேகமா ஓட முடியும்டி. கம்பெனிக்காரன் கட்டிப் போட்டு வெச்சிருக்கான்" என்பான். உள்ளே கிரிஸ்டல் என்று தகர உறை போட்ட ஒரு சின்ன சாமான் உண்டு. அது அடிக்கிற தாளத்துக்குத்தான் மொத்த மெஷினும் ஓடும். லாமிங்டன் ரோடில் எலக்ட்ரானிக்ஸ் கடை கடையாக ஏறி, கொஞ்சம் வேகமான கிரிஸ்டலாகப் பார்த்து வாங்கி வந்து மாற்றிவிட்டான்.

வேகம் வந்தது. கலர் போயிற்று. படம் மேலிருந்து கீழே உருள ஆரம்பித்தது. டிவிக்குப் பின்னால் இருந்த குமிழைத் திருகித் திருகி, கறுப்பு வெள்ளையில் ஒருவழியாக நிறுத்தினான். அப்புறம் நியூஸ் போட்டால் வாசிப்பவர் உருண்டுகொண்டே வாசிப்பார். ஆட்டத்தின் பாட்டு கீச்சுக்குரலில் கேட்டது. "என்னடா அது, எலி மாட்டிண்ட மாதிரி?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். மெஷின் சூடாகிறது என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். லோக்கல் டிரெயினில் நசுங்கி வந்த அப்பா, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் காற்று இல்லை.

"ஃபேன் மனுஷாளுக்கா, மெஷினுக்கா?"

"அது பாவம்ப்பா, சூடாறது."

அப்பா பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். அந்த வீட்டில் யாருமே இவனை நாலு சாத்து சாத்தவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த வருஷம் பில்டிங் கணபதிப் பந்தலில் கேரம் போட்டியோடு வீடியோ கேம் போட்டியும் வைத்தார்கள். ஆட்டம், என்னுடைய குழி தாண்டும் ஆட்டமேதான். பெயர் கொடுக்கப் போனேன். கீழ் வீட்டு நிலேஷ், "லட்கி லோக் கா நஹி ஹை" என்றான், பெண்களுக்கு இல்லையாம். யாரிடமும் எதையும் கேட்காத அம்மா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கமிட்டி மாமாவிடம் இறங்கிப் போனாள். "பந்தலுக்கு வர்கணிப் பணம் வாங்க வரச்சே பையன் இருக்கற வீடு, பொண்ணு இருக்கற வீடுன்னு பாத்தேளா?" என்று கேட்டாள். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் தோற்கவே கூடாது என்றாகிவிட்டது.

ஒரு வாரத்துக்காவது பழைய கிரிஸ்டலைப் போட்டுத் தா என்று அண்ணாவிடம் கெஞ்சினேன். "அசடே, எங்க கோச்சிங் கிளாஸ்ல பரீட்சைக்கு வர்றதைவிட ரெண்டு மடங்கு கஷ்டமான கணக்குதான் போடுவா. அப்புறம் பரீட்சை ஜுஜுபி" என்றான். மாட்டுங்கா முழுக்க இந்த ஒரே மதம்தான் அப்போது. அம்மாவும் தலையாட்டினாள். நானும் நம்பித் தொலைத்தேன். அந்த வாரம் முழுக்க அந்தப் பேய் வேகத்தில் ஆடினேன். கடைசி நாட்களில் ஒரு குழியில்கூட விழவில்லை. அப்பாகூடப் பேப்பரைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார்.

பந்தலில் இருந்தது சாதாரண மெஷின். கலர் டிவியில் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடப்பதைப் போல நடந்தது. என் கட்டைவிரல் அழுத்திவிட்டது. குட்டி மனுஷன் இன்னும் விளிம்புக்கே வரவில்லை. அங்கேயே குதித்துக் குழிக்குள் விழுந்தான். அடுத்த உயிரும் அப்படியே. மெதுவாக, மெதுவாக என்று எனக்கே சொல்லிக்கொண்டு, மிச்சம் இருந்ததையும் முதல் குழியிலேயே தொலைத்தேன். நிலேஷ் சிரிக்கக்கூட இல்லை. "ஹோ கயா?", முடிந்ததா என்று கேட்டுக் கையை நீட்டினான், கன்ட்ரோலை வாங்கிக்கொள்ள. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். "தேங்காய் சேவை பண்ணி வெச்சிருக்கேன், வா" என்று மட்டும் சொன்னாள். அண்ணாவோ பின்னாலேயே வந்து, "அப்போ வேகம் வேற, கஷ்டம் வேற. இல்லையாடி?" என்று ஆராய்ச்சி முடிவு சொன்னான். தீபாவளி வரை அவனோடு பேசவில்லை.

போன ஞாயிறு, அதே மெஷினை என் டிவியில் மாட்டினான். சிக்னல் இல்லை என்றது திரை. பின்பக்கம் தடவிப் பார்த்தான். திருக ஒரு குமிழும் இல்லை. "இந்தக் காலத்து டிவி கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதுடி" என்று முணுமுணுத்துவிட்டு, மூடிக்குள் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்த பழைய கிரிஸ்டலை எடுத்துச் சால்டர் வைத்தான். அவன் ஒரு சாமானின் வேகத்தைக் குறைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படம் நின்றது. வானம் நீலமாக வந்தது.

கன்ட்ரோலை என் கையில் கொடுத்தான். ஓடினேன். முதல் குழி. விளிம்புக்கு முன்னாலேயே குதித்து விழுந்தேன். மறுபடியும் அதே.

"அவசரப்படாதேடி" என்றான்.

இதை இவன் சொல்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கன்ட்ரோலை அவன் மேலேயே எறிந்திருப்பேன், ஆனால் அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் டிவியை எப்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். இந்த மழைக்காலம் முடிந்தால் பில்டிங்கும் இருக்காது. கறுப்பு வெள்ளையில், கீச்சுப் பாட்டோடு, அப்பாவுக்கு வர வேண்டிய காற்றை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு குழியில்கூட விழாமல் நான் ஆடியதைப் பார்த்தவர்களில் மிச்சம் இந்தக் கிறுக்கன் ஒருத்தன்தான். என் கட்டைவிரல் இன்னமும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டத்தான் இனி ஒரு டிவி கிடையாது.