தாலித்தட்டமும் உதைபந்தாட்டமும்

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் உதைபந்தாட்டத்துக்கும் உள்ள உறவு, தூரத்துச் சொந்தக்காரரோடு இருக்கிற மாதிரி. எதிரே வந்தால் சிரிப்பேன், தேடிப் போகமாட்டேன். உலகக் கிண்ண இறுதிப்போட்டி பார்ப்பேன். அதிலும் நடுவில் எழுந்துபோய்த் தேநீர் போடுவேன். தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரு கோல்கூடப் போடாமல் வீட்டுக்குப் போகிறவர்களுக்காக உருக என்னால் முடியாது. இந்த ஊரில் இப்படிச் சொல்வது கோயில் வாசலில் நின்றுகொண்டு சாமி இல்லை என்பதற்குச் சமம். சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது ஐயர் பஞ்சாங்கம் பார்த்தார். அப்பா மண்டபம் பார்த்தார். கனடாச் சொந்தங்களுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா பார்த்தார். போட்டி அட்டவணையை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு வேலையிடத்துத் தோழி ஒருத்தி, அன்றைக்குத்தான் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம் என்று கண்ணை விரித்தாள். ஆடினால் ஆடட்டும், எனக்கென்ன என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்துக்குப் போகிற தெருவெல்லாம் எங்கள் ஊர் அணியின் மஞ்சளும் கறுப்புமாக நிரம்பி வழிந்தது. நான் அலங்காரத்தோடு அறைக்குள் காத்திருந்தேன். மாப்பிள்ளை வந்தபாடில்லை. கூறைச் சேலையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டாரிடம்தான் இருந்தன. கடைசியில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"கார் அசையுதில்லை. இனி இதுக்குள்ளை இருக்க ஏலாது. நாங்கள் ரெயினிலை வாறம்."

"தாலியோடை ரெயினிலையோ!" என்று அம்மா கதிரையில் சாய்ந்துவிட்டார். முகூர்த்தம் தவறிவிடுமோ என்று எனக்கும் பயம் வந்தது. தைரியமாகச் சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தேன்.

ரயிலில் நடந்ததை அவர்கள் வந்து சொல்லித்தான் அறிந்தோம். மைதானத்துக்குப் போகும் கூட்டத்தால் பெட்டிக்குள் எள் போட்டால் எள் விழ இடமில்லை. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் மாமி, தாலித்தட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இறங்கும் இடம் வந்தும் கதவை நெருங்க முடியவில்லை. "இன்றைக்கு எனக்குக் கல்யாணம், வழிவிடுங்கள்" என்று தலைப்பாகையோடு மாப்பிள்ளை ஜேர்மன் மொழியான டொச்சில் கத்தியிருக்கிறார். ரசிகர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. வாட்டசாட்டமான ரசிகர் ஒருவர் மாமியின் கையிலிருந்த தட்டத்தை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். "கவனம், கவனம்" என்று கூவியபடி ஒருவர் மற்றவரிடம் கொடுக்க, கைமாறிக் கைமாறி அது கதவுக்குப் போனது. மாமி பிதுங்கி வெளியே வந்தபோது, ஒருவர் பியர் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு, தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாராம். தட்டத்திலிருந்து ஒரு பூகூடச் சிந்தவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்ததும் கூறையை அவசரமாக உடுத்துக்கொண்டு நான் மணவறைக்கு ஓடினேன். முகூர்த்தம் முடியும் தறுவாய். சபையில் எல்லோரும் தொட்டு வாழ்த்துவதற்காகத் தாலியைக் கொண்டுபோகச் சொல்லி ஐயர் பக்கத்தில் நின்றவரிடம் தட்டத்தைக் கொடுத்தார். மண்டபம் நிறையச் சனம். அது சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாமிதான் எழுந்தார்.

"ஐயா, சபைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரு ரெயின் சனமே தொட்டுத்தான் அனுப்பினது. கட்டச் சொல்லுங்கோ."

ஐயர் ஒரு கணம் மாமியைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தட்டத்தைத் திருப்பி வாங்கினார். கெட்டிமேளம் முழங்கியது. நேரத்துக்குள் தாலி ஏறியது.

சடங்கெல்லாம் முடிந்து பின்னேரம் பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடம் என் வாழ்நாளில் முதன்முறையாக ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கடையாக்கள் வெண்டிட்டினமோ?"

அவர் போனைப் பார்த்தார். "இல்லை. தோத்துப்போச்சினம்."

எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. என் தாலியைத் தொட்டு அனுப்பிய கைகள் அதே ரயிலில் வெறுமையாக வீடு திரும்பும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.