மனோகரன் திறந்த கோப்பு

ஆவடியில் டி.டி.பி. கடை வைத்திருந்த மனோகரன் இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார். "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு மேடம்" என்றார். அதற்கு எனக்குத் தகுதி இல்லை. அவரை அறிந்தவர்கள் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புத்தகம் அச்சுக்கோக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காகத் தமிழில் தட்டச்சு செய்யும் எளிய மென்பொருள் ஒன்றை எழுதினேன். அண்ணனூரிலிருந்து சைக்கிளில் வரும் மனோகரன் அதில் அடித்துப் பார்த்துக் குறை சொல்வார். அன்று கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். அந்த எண்கள் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஒரு கடையில் அடித்த கோப்பு இன்னொரு கடையில் கிறுக்கலாகத் திறக்கும். என் மென்பொருள் முதல் சில வரிகளைப் பார்த்துத் தானே ஊகித்து மாற்றிக் காட்டும். அதில் எனக்குப் பெருமை.

"இன்னா மேடம், ஜாங்கிரி புழிஞ்ச மாரி கீது" என்பார் மனோகரன், ஊகம் தவறும்போதெல்லாம். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே. ஆளக் கேக்குறதுல இன்னா கொறஞ்சிடும்?"

"கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா யாரு வாங்குவாங்க, மனோகர்?"

பட்டம் இல்லாதவர் சொல்வதுதானே என்றும் நினைத்தேன்.

திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு சித்த மருத்துவர், தம் புத்தகத்தை, கணினியில் வேறு நகல் இல்லாமல், ஒரே பிளாப்பி வட்டில் கொண்டுவந்தார். மனோகரன் திறந்தார், கிறுக்கல். எதையும் தொடாமல் மூடினார். மூடும்போது கேட்காமலே சேமிக்கும் வசதியை அந்த வாரம்தான் நான் சேர்த்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. தவறாக ஊகித்ததே பிளாப்பியில் பதிந்து, நூற்றுச்சொச்சம் பக்கமும் கேள்விக்குறிகளாகிவிட்டன.

யார் செய்தது என்று முதலாளி கேட்டார். "கடைசியா அந்த ஃபைலைத் தொறந்தது மனோகர்தான் சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மனோகரன் என்னைப் பார்த்தார். பிறகு, "நான் அட்ச்சிக் குட்த்துட்றேன் சார்" என்றார். மருத்துவரின் கையெழுத்துப் படியை வைத்து மூன்று வாரத்தில் முழுவதையும் அடித்துக் கொடுத்தார். அதன்பின் அவரை வர வேண்டாம் என்றார்கள். செய்தி பரவியதால் வேறெந்த அச்சகமும் அவரை எடுக்கவில்லை. அப்படித்தான் சொந்தக் கடை வந்தது.

கிளம்பும் நாளில், எந்த எழுத்துருவில் எந்த எண் எந்த எழுத்து என்று பென்சிலால் எழுதிவைத்த தாள்களை என் மேசையில் வைத்தார். "உங்களுக்கு ஒதவும் மேடம்." அதன்பிறகுதான் மென்பொருளில், திரையில் தோன்றிக் கேட்கும் ஒரு பெட்டி சேர்த்தேன்: 'எந்த எழுத்துரு என்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.' பலரும் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் வீட்டு வாசலில் பழைய அச்சகக்காரர் ஒருவர், "அம்பத்தூர்ல ஃபைலக் காலி பண்ணிட்டு வந்த ஆளாச்சே நம்ம மனோகரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், சுற்றி இருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. உள்ளே அவர் மனைவி சொன்னார்: "கம்ப்யூட்டர்ல அந்தப் பொட்டி வர்றப்பல்லாம், 'பாரு, மேடம் கேக்குறாங்க'ன்னு சிரிப்பாரு."

தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பென்சில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கோப்பை அழித்தது மனோகரன் அல்ல, என் நிரல். முதலாளியின் அறையில் நின்றபோதே அது எனக்குத் தெரியும்.